படங்கும் கவசமும்

மலைநாட்டில் பொழுது புலர்வதற்கு முன்னரே லயங்களில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. ஹற்றனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் பெண் ஒருத்தி செய்யும் ஆயத்தத்தைக் கூர்ந்து நோக்கினால், களம் நோக்கிப் புறப்படும் வீரன் ஒருவனின் ஆயத்தம் போலவே அது தோன்றும். அவள் முதலில் சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்கிறாள். அதன்மேல், இடுப்பிலிருந்து கணுக்காலை நோக்கித் தொங்குமாறு படங்கைச் சுற்றி இறுகக் கட்டுகிறாள். முற்காலத்தில் அது சணற் சாக்கு. பின்னர் உரப்பையாகவும் தடித்த பொலித்தீன் தாளாகவும் உருமாறியது. தலையில் ஒரு துணியைப் பல மடிப்பாக மடித்து வைக்கிறாள். அம்மடிப்பின்மேல் கூடைக் கயிறு அமர்கிறது. இவ்வளவில் அவளுடைய கவசம் முற்றுப்பெற்றது.

கவசம் என்ற சொல் இங்கே வெறும் அலங்காரத்துக்காக எடுத்தாளப்படவில்லை. போர்க்களத்தில் துப்பாக்கிச் சன்னத்தைத் தடுக்கும் அங்கிக்கும், கொழுந்து மலையில் செடிக்குச்சியைத் தடுக்கும் படங்குக்கும் பௌதிகவியல் ஒன்றே. இரண்டையும் ஆளும் விதிகளை முழுதாக அறிந்தால்தான், எந்தக் கவசம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது விளங்கும். கர்ணன் பிறக்கும்போதே பூண்டிருந்த கவசம் எந்தப் படைக்கலத்தாலும் துளைக்க இயலாதது என்று பாரதம் கூறும். மனிதர் கையாற் செய்த கவசம் எதுவும் அத்தகையதன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு படைக்கலத்தை மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. மற்றொரு படைக்கலத்தின் முன் அது வெறுந்துணியே.

தலைத்துணியிலிருந்தே தொடங்கலாம். கூடையில் கொழுந்து நிறைந்து வரும்போது அதன் பாரத்தில் ஒரு பகுதியை முதுகு தாங்குகிறது. எஞ்சிய பத்துக் கிலோ தலைமேல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்ரிமீற்றர் தடித்த கயிறு தலையை இருபது சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தழுவும்போது, அந்தப் பாரம் இருபது சதுர சென்ரிமீற்றர் பரப்பில் இறங்குகிறது. ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் அரைக் கிலோ. வெறுந்தலையில் ஒரு நாழிகை இதைப் பொறுத்தாலே தோல் கன்றிவிடும். ஐந்து சென்ரிமீற்றர் அகலத்துக்கு மடித்த துணியை இடையே வைத்தால், அதே பத்துக் கிலோ நூறு சதுர சென்ரிமீற்றரிற் பரவுகிறது. ஒவ்வொன்றுக்கும் நூறு கிராமே பங்கு. பாரம் குறையவில்லை. விசையைப் பரப்பினால் வகுத்தால் கிடைக்கும் அமுக்கம் மட்டும் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. கவசத்தின் முதற் பாடம் இது. உடலைத் தாக்கும் விசையை அகற்ற இயலாவிடின், அதனைப் பரப்பிவிட வேண்டும்.

படைக்கலம் செய்வோனின் பாடம் இதற்கு நேர்மாறானது. அவன் விசையைக் குவிக்கிறான். ஊசி, ஈட்டி, அம்பு, கத்தி, சன்னம் யாவும், கையின் வலிமையையோ வெடிமருந்தின் வலிமையையோ ஒரு புள்ளியில் அல்லது ஒரு கோட்டில் கொண்டுசென்று சேர்க்கும் கருவிகளே. குவிப்பவனுக்கும் பரப்புபவனுக்கும் இடையிலான இந்தப் பூசல் மிகப் பழையது. புறநானூற்றின் பதின்மூன்றாம் பாட்டில், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காட்டும் சோழனின் மார்பில் புலித்தோற் கவசம் இருக்கிறது. பகைவர் எய்த அம்புகள் அதனைக் கிழித்திருக்கின்றன. புலவர் அதனை வீரத்தின் அடையாளமாகப் பாடினார். பௌதிகவியலார் அதையே வேறு விதமாகப் படிப்பார். வாளின் வீச்சு தோலின் மேற் சறுக்கி ஓடும். அம்பின் முனை சறுக்காது. தோல் வாளுக்குக் கவசம், அம்புக்கு ஆகாது.

சக்தியின் அளவைச் சிறிது நோக்குதல் நன்று. நூறு கிராம் எடையை ஒரு மீற்றர் உயர்த்தச் செலவாகும் சக்தி ஏறத்தாழ ஒரு ஜூல். கைத்துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் ஒன்பது மில்லிமீற்றர்ச் சன்னம் எட்டுக் கிராம் அளவு திணிவுடையது. செக்கனுக்கு 370 மீற்றர் அளவு வேகத்திற் பறக்கிறது. அதன் சக்தி 500 ஜூலுக்குச் சற்று மேல். 50 கிலோ கொழுந்துச் சாக்கு ஒன்றை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கிவிடும் சக்தியும் அதுவே. தோட்டத்தில் அந்தச் சாக்கை நாள்தோறும் லொறியில் ஏற்றுகிறார்கள். எவரும் அதனாற் சாவதில்லை. சன்னம் கொல்வது சக்தியின் மிகுதியினால் மட்டுமன்று. அந்தச் சக்தி சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறுகிய நேரத்தில் செலவாவதனால்.

ஆகவே சன்னத்தைத் தடுக்கும் அங்கி இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். ஒன்று, அதனைப் பரப்பவேண்டும். மற்றது, அதனை உடனே நிறுத்தாமல் சிறிது தூரம் இழுத்து நிறுத்தவேண்டும். நிறுத்தும் தூரம் இருமடங்கானால் சராசரி விசை பாதியாகும். உயரத்திலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்கிக்கொள்வதும், முட்டைக் கூடையில் வைக்கோல் பரப்புவதும் இந்த விதியின்படியே. 1965 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்ட இழை, பின்னர் கெவ்லார் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. எடைக்கு எடை உருக்கினும் ஐந்து மடங்கு இழுவலிமை உடையது அது. அந்த இழையை நெய்து பல படலங்களாக அடுக்கினால், சன்னம் முதற் படலங்களிற் பட்டதும் அதன் ஈயம் நசுங்கிக் காளான் போல விரிகிறது. விரிந்த தலை ஓரிரு இழைகளை அல்ல, நூற்றுக்கணக்கான இழைகளைப் பற்றி இழுக்கிறது. ஒவ்வோர் இழையும் தன் நீளமெல்லாம் அதிர்ச்சியைக் கொண்டோடுகிறது. மீன்பிடி வலையில் பாய்ந்த பெருமீனைப் போலச் சன்னம் சிக்கிக்கொள்கிறது.

எனினும் அங்கி அணிந்தவன் நோகாமல் தப்புவான் என்று எண்ணவேண்டா. அங்கி உள்நோக்கிக் குழிந்தே சன்னத்தை நிறுத்துகிறது. அமெரிக்க நியமப்படி, அங்கிக்குப் பின்னே வைத்த களிமண்ணில் 44 மில்லிமீற்றர் வரை குழி விழுவது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. விலா கன்றும், எலும்பு முறியவும் கூடும். அதே வேளையில், திரைப்படங்களிற் காண்பது போலக் குண்டு பட்டவன் பத்தடி தூரம் பின்னோக்கிப் பறந்து விழுவதும் கட்டுக்கதையே. எட்டுக் கிராம் சன்னத்தின் உந்தம் அறுபது கிலோ மனிதன் ஒருவனுக்கு முழுவதும் கொடுக்கப்பட்டாலும், அவன் பெறும் வேகம் செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர் மட்டுமே. எறும்பு ஊரும் வேகத்தைவிடச் சற்று மிகுதி, அவ்வளவுதான்.

போர்த்துப்பாக்கியின் சன்னத்துக்கு இந்தத் துணி போதாது. அதன் சக்தி 2,000 ஜூலும் அதற்கு மேலும் ஆகலாம். அதன் கூரிய முனையோ எளிதில் நசுங்குவதில்லை. அதற்கெனத் துணியின்முன் சுட்ட மட்பாண்டம் போன்ற கடினத் தகடு ஒன்று வைக்கப்படுகிறது. அலுமினியம் ஒட்சைட்டு அத்தகைய தகடுகளுள் ஒன்று. மலைநாட்டின் சரிவு இறங்கும் இரத்தினபுரிப் பள்ளத்தில் மண்ணைத் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் இதே சேர்வையின் பளிங்குகளே. ஆங்கிலேயர் அந்தக் கனிப்பொருளை அழைக்கும் பெயரும் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லின் வழியே பிறந்ததுதான். கல்லினும் கடிய அத்தகடு சன்னத்தை உடைக்கிறது; உடைந்த துண்டுகளைப் பின்னாலுள்ள துணி ஏந்திக்கொள்கிறது. தகடு தானும் வெடித்துப்போகும். அதே இடத்தில் மற்றொரு சன்னம் பட்டால் பயனில்லை.

இனி, இந்த அங்கிகளுள் மெல்லியதை அணிந்தவன்மீது ஒருவன் கத்தியால் குத்துகிறான் என்று கொள்ளலாம். கையின் குத்து சில பத்து ஜூல் அளவினதே. சன்னத்தின் சக்தியிற் பத்தில் ஒரு பங்கும் இராது. ஆயினும் சன்னத்தை நிறுத்திய துணியைக் கத்தி ஊடுருவக்கூடும். காரணம், கத்தியின் முனை காளான் போல் விரிவதில்லை. அது இழைகளுக்கிடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. பின்னால் வரும் விளிம்பு ஒவ்வோர் இழையாக அறுத்துச் செல்கிறது. நூறு பேர் சேர்ந்து இழுக்கும் கயிற்றை, ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும் போரிடச் செய்வது போன்றது இது. கத்தியைத் தடுக்கும் அங்கியை வேறாகவே நெய்கிறார்கள். இழைகள் விலக இயலாதவாறு மிக நெருக்கமாக நெய்தோ, பிசின் ஏற்றியோ, உலோக வளையங்களைக் கோத்தோ செய்கிறார்கள். அந்த வளையங்களையும் ஊசிமுனை தாண்டும். கவசத்தின் வரலாறு முழுவதும் இத்தகைய ஏமாற்றங்களின் வரலாறே.

மறைக்கப்படாத இடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1880 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அவுஸ்திரேலியாவின் கிளென்றோவன் என்னும் ஊரில், நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் கலப்பையின் இரும்புப் பலகைகளை அடித்துச் செய்த கவசத்தை அணிந்து பொலிசாரை எதிர்த்தான். நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட அந்த இரும்பு, தலையையும் மார்பையும் காத்தது. கால்களைக் காக்கவில்லை. கால்களிற் சுடப்பட்டு வீழ்ந்தான். தோட்டத்துப் பெண்ணின் படங்கு இதற்கு எதிர்மாறு. அது கால்களைக் காக்கிறது. முகமும் கழுத்தும் கைகளும் திறந்தே கிடக்கின்றன. இது அறியாமையால் நேர்ந்ததன்று. நாள்தோறும் தாக்குவது எதுவோ அதற்கே முதலிற் கவசம் செய்வது மனித இயல்பு. மலைநாட்டில் நாள்தோறும் தாக்குவன கீழிருந்து தாக்குபவை: பனி, முறிந்த கிளை, அட்டை.

அட்டையை எள்ளி நகையாடுவோர் 1818 ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டில் கண்டி நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயப் படைகள் மலைக்காடுகளில் நடந்தன. அப்படையினர், சிறப்பாகச் சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களும் சுமைகாரரும், அட்டைக்கடியால் மிக வருந்தி, பலர் மாண்டும் போயினர் என்று இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலிற் பதிந்திருக்கிறார். துவக்கும் ஈட்டியும் தாங்கிய படைக்கு ஓர் அங்குல நீளப் புழு எமனாயிற்று. குருதி இழப்பைவிட, கடிவாயில் பின்னர் உண்டாகிய புண்ணே பெரும்பாலும் கேட்டை விளைத்திருக்கும்.

பசித்த அட்டை பின்னல் ஊசியளவு மெலிந்தது. சாதாரணக் காலுறையின் கண்களுக்குள்ளே அது புகுந்து சென்றுவிடும். அதற்கு எலும்பில்லை, தள்ளும் வலிமையில்லை, ஓர் இழையைக்கூட அறுக்க அதனால் ஆகாது. இடைவெளி இருந்தால் நுழையும், இல்லாவிடில் நுழையாது. ஆகையால் அட்டைக்கு எதிரான கவசத்துக்கு வலிமையான இழை வேண்டியதில்லை. நெருக்கமான நெசவு ஒன்றே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டத் துரைமார் நெருங்க நெய்த துணியால் அட்டைக் காலுறை தைத்து அணிந்தனர் என்பதையும் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இலங்கை உயிரின நூலிற் குறிப்பிடுகிறார். அதே காட்டை வெட்டி அதே கோப்பியை நட்ட தொழிலாளிக்கு அந்தக் காலுறை கிடைத்ததாக அவர் எழுதவில்லை. தொழிலாளிக்கு இருந்தது கண்டி நாட்டின் பழைய முறை. அம்முறையைக் கண்டி மன்னனின் சிறையில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த றொபட் நொக்ஸ் 1681 இல் எழுதிவைத்தார். எலுமிச்சையையும் உப்பையும் ஒரு துணியில் முடிந்து, கோலில் கட்டி, நடக்கும்போதே காலில் தட்டிக்கொள்ள, அட்டைகள் உதிர்ந்துவிடும். இது தடுப்பன்று, இரசாயனப் போர். பலமுறை செய்யவேண்டியிருப்பதே அதன் குறை.

படங்கு இந்த மூவகைத் தாக்குதலுக்கும் ஒருங்கே விடை சொல்கிறது. கொழுந்து மலையில் நிரை பிடித்துச் செல்லும்போது செடியின் தடித்த கிளைகள் தொடையிலும் முழங்காலிலும் உராய்கின்றன. கவ்வாத்து வெட்டிச் சில காலமே ஆன மலையானால் கிளைகளின் வெட்டுமுனைகள் ஈட்டிகள் போலவே நிற்கும். தடித்த சாக்கு அம்முனையின் விசையைப் பரப்பிவிடுகிறது. பொலித்தீன் நீரைத் தடுக்கிறது. வழவழப்பான அதன் பரப்பு உராய்வையும் குறைக்கிறது. சாக்கு பொலித்தீனாக மாறியதில் இழப்பும் உண்டு. சாக்கு நனைந்து கனத்தாலும் வியர்வையை வெளியே விடும்; பொலித்தீன் விடாது. எல்லாக் கவசங்களுக்கும் உள்ள கடன் இது. காக்கும் அளவுக்கு வருத்தவும் செய்யும்.

கவ்வாத்துக் கத்தியின் விடயம் வேறு. அது ஆண்களின் வேலை. பாரமான வளைந்த கத்தி. ஓங்கி வெட்டும்போது செடியிற் படாமல் வழுக்கினால் முழந்தாளிலோ மற்றக் கையிலோ இறங்கும். இதற்குப் படங்கு எவ்வளவு தடித்தாலும் போதாது. மென்மையான எதுவும், தீட்டிய விளிம்பு இழுபட்டு ஓடும்போது அறுபடும். வளையாத தகடு ஒன்றே அதைத் திருப்பிவிடும். இறைச்சி வெட்டுவோர் உருக்கு வளையங்களாற் பின்னிய கையுறை அணிவது இதன் பொருட்டே. பழைய வீரர் அணிந்த வளையச் சட்டையின் மிச்சம் அது.

இதுவரை சொல்லியவை யாவும் வருத்தும் பகைகள். கொல்லும் பகை வானிலிருந்து வருகிறது. தோட்டங்களிற் குளவி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இருவகைப்படும். ஒன்று, புதரிலும் மரக்கிளையிலும் கூடு கட்டும் மெய்யான குளவி. மற்றது, உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றைத் தட்டாகக் கூடு தொங்கவிடும் மலைத்தேனீ. சிங்களத்திற் பம்பரா எனப்படுவது. காற்றோ பருந்தோ எறிந்த கல்லோ கூட்டைக் கலைத்துவிட்டால், நிழல் மரத்தின்கீழ் கொழுந்தெடுக்கும் நிரையின்மீது ஆயிரக்கணக்கில் இறங்கிவிடும். ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளிலிருந்து இத்தகைய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. பத்துப் பேர், இருபது பேர் ஒருங்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். அவருள் வீடு திரும்பாதவரும் உண்டு.

இந்தப் படைக்கலத்தின் அளவு வியப்புக்குரியது. மலைத்தேனீயின் திணிவு ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு அளவினது. அது பறந்துவந்து மோதும் சக்தி ஒரு ஜூலின் 400 இல் ஒரு பங்கு. கைத்துப்பாக்கிச் சன்னத்தோடு ஒப்பிட்டால் இரண்டு இலட்சத்தில் ஒன்று. மோதலின் சக்தியை மட்டும் பார்த்தால் மெல்லிய மஸ்லின் துணியே இதற்குப் போதுமென்று தோன்றும். ஆனால் தேனீ மோதலின் சக்தியாற் குத்துவதில்லை. அதன் கொடுக்கில் முட்கள் கொண்ட இரண்டு ஈட்டிகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று முள்ளால் பற்றிக்கொண்டு நிற்க, மற்றது சிறிது முன்னே நகர்கிறது. பின் அது பற்றிக்கொள்ள, முதலாவது நகர்கிறது. மரத்தில் ஏறுபவன் கையையும் காலையும் மாற்றி மாற்றி வைப்பது போலக் கொடுக்கு தோலுக்குள் ஏறுகிறது. முனை அவ்வளவு நுண்ணியதாதலின், தோலைத் துளைக்க ஒரு கிராம் எடைக்கும் குறைந்த விசை போதும். தேனீ பறந்துபோனாலும் உடலிற் பதிந்த கொடுக்கு தானே துடித்து நஞ்சை இறைத்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய முனைக்கு எதிரே இழையின் வலிமை பயன் தராது. துணியின் கண் வழியே அது நுழைந்துவிடும். இங்கே கவசமாவது தூரம். கொடுக்கின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே. துணிக்கும் தோலுக்கும் இடையே அதனினும் மிகுந்த இடைவெளி எங்கும் இருக்குமானால், கொடுக்கு துணியை முழுதாகத் துளைத்தும் காற்றையே குத்தும். தேனீ வளர்ப்போர் அணியும் ஆடையின் மறைபொருள் இவ்வளவே. அது தளர்ந்து தொங்குகிறது. சிலவற்றில் இரண்டு வலைத்துணிகளுக்கு இடையே தடித்த வலைப்பின்னல் ஒன்று வைத்துத் தைக்கப்படுகிறது. முகவலையை அகன்ற தொப்பியின் விளிம்பு முகத்தில் ஒட்டாமற் பிடித்துக்கொள்கிறது. சன்னத்தை நிறுத்தும் விலையுயர்ந்த அங்கிக்கும், கொசுவலையால் தைத்த முகமூடிக்கும் இடையில் குளவியின் முன் வெல்வது பின்னதே.

இதைக் கொண்டு நோக்கினால், தோட்டத்துப் பெண் அணிந்திருப்பவற்றின் நிலை தெளிவாகும். மழையில் நனைந்த சட்டை தோளோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துணி, துணியே இல்லாததற்குச் சமம். படங்கு கால்களை ஓரளவு காக்கும். ஆனால் தேனீக்கள் நாடுவது தலையையும் முகத்தையும். முற்காலத்திற் குளிருக்கும் மழைக்கும் போர்த்திய கறுப்புக் கம்பளியோ இரட்டைத் தன்மையது. அதன் மயிர்களுக்கிடையே அசையாது நிற்கும் காற்று குளிரைத் தடுக்கும். அதன் தடிப்புக் கொடுக்கையும் ஓரளவு தடுக்கும். ஆனால் கரிய நிறத்தையும் மயிரடர்ந்த பரப்பையும் கண்டால் தேனீ மேலும் சினங்கொள்ளும். தேன்கூட்டைச் சூறையாடும் விலங்குகள் கரியனவும் மயிரடர்ந்தனவுமாய் இருத்தலே அதற்குக் காரணம் என்பர். தேனீ வளர்ப்போர் வெள்ளை ஆடையை விரும்புவதும் இதனாலேயே.

அப்படியானால் எல்லோருக்கும் வெள்ளை அங்கியும் முகவலையும் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கேட்பவர் கொழுந்து பறித்தவராய் இருக்கமாட்டார். செங்குத்தான மலையிற் கூடையோடு ஏறி இறங்கும் உடல், அறுபது வாற்று மின்குமிழ்கள் ஐந்தாறு எரிவதற்குச் சமமான வெப்பத்தை வெளிவிடுகிறது. காற்றுப் புகாத அங்கிக்குள் அவ்வெப்பம் தேங்கினால் நண்பகலுக்கு முன்னரே மயக்கம் வரும். வலை கண்ணை மறைக்கும். கையுறையோ விரலின் நுட்பத்தைக் கெடுக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளும் விரல் வெறுவிரலாய் இருந்தாக வேண்டும். நாள் முழுவதும் அணிய இயலாத கவசம் ஆணியில் தொங்கவே பயன்படும்.

ஆனால் இருவர் மூவருக்கு மட்டும் தேவைப்படும் வேளை ஒன்று உண்டு. தாக்குதல் நேர்ந்த இடத்தில் ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், மற்றவர் ஓடிவிட்டனர், அவளைத் தூக்கி வருவோர் யார்? ஒரு கொடுக்கு பதிந்ததும் அதிலிருந்து எழும் வாசனை ஏனைய தேனீக்களை அந்த இடத்துக்கே அழைக்கிறது. ஆகவே மீட்கச் செல்வோரும் கொட்டுண்டு வீழ்வதே வழக்கமாகிவிட்டது. அவள் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஞ்சு ஏறுகிறது. பிரட்டுக்களத்திலோ தோட்டத்து மருந்தகத்திலோ இத்தகைய அங்கிகள் இரண்டோ மூன்றோ, ஆயத்தமாக, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்குமாயின், அணிந்துகொள்ளச் சில நிமிடங்களே செல்லும். கால்மணி நேரம் அணிவதில் வெப்பம் ஒரு தடையன்று. ஆயிரம் பேருக்கு அங்கி தருவதற்கும் மூன்று பேருக்குத் தருவதற்கும் உள்ள செலவின் வேறுபாட்டைக் கணக்கப்பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவர்.

மீட்டு வந்த பின் செய்யவேண்டியதும் நேரத்தைப் பற்றியதே. தேனீயாயின் பதிந்த கொடுக்குகளைத் தாமதமின்றி அகற்றவேண்டும். நகத்தாற் சுரண்டுவதா, பிடித்து இழுப்பதா என்ற விவாதத்துக்கு இடமில்லை. எது விரைவோ அதுவே நன்று. மெய்க்குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் தோன்றினால் சுண்ணாம்பு தடவி நேரத்தைப் போக்காமல் வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். அந்நிலையில் உயிர்காக்கும் அதிரினலின் ஊசி அங்கேதான் கிடைக்கும்.

கவசம் பகையாக மாறும் ஓர் இடத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. களைக்கொல்லி அடிப்போர் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து செல்கின்றனர். தாங்கி கசிந்தால் முதுகுத்துணி நனைகிறது. நெய்த துணியின் நுண்ணிடைவெளிகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அந்நீரை இழுத்துப் பரப்பி, மணிக்கணக்காகத் தோலோடு அணைத்து வைத்திருக்கின்றன. முட்டை வைக்கோல் காப்பது போல அடியைத் தாங்கிய துணி, இங்கே நஞ்சைத் தாங்கிக் கொடுக்கிறது. இப்படி நனைந்த சட்டையை உடனே கழற்றி எறிதலே காப்பு. கொடிய பராகுவாட்டு மருந்து 2008 முதல் 2011 வரை படிப்படியாக இலங்கையில் தடைசெய்யப்பட்டது; ஏனைய மருந்துகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

குளவிக்கான முகவலைக்கு மேல்நாட்டுச் சரக்கு எதுவும் வேண்டியதில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் மூங்கிலைச் சீவிக் கொழுந்துக் கூடை பின்னும் கைகள் இன்றும் இருக்கின்றன. அந்த மூங்கிற் சிம்பில் இரண்டு வளையங்கள்: ஒன்று தலையைச் சுற்றி ஓர் அடிக்கு மேற்பட்ட விட்டத்தில், மற்றது தோளின்மேல் அமரும்படி. இரண்டையும் இணைத்துக் கொசுவலை. கண்களுக்கு முன்னால் வலை கறுப்பாக இருந்தால் பார்வை தெளிவாயிருக்கும். மற்றப் பகுதி வெள்ளையாக இருக்கலாம். கீழ்விளிம்பைச் சட்டைக்குள் செருகிக் கட்டவேண்டும். மூக்கு நுனிக்கும் வலைக்கும் இடையே நான்கு விரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த நான்கு விரல் இடைவெளி குறையாதிருக்க வேண்டும்.